ஒரு கூற்று வாதத்தில் என்ன வேலை செய்கிறது? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங் நகரைச் சுற்றி முன்பு ரப்பர் நின்றது. இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நிற்கிறது. இந்த நகரில் சனிக்கிழமைதோறும் கோவில் மண்டபத்தில், தோட்டப்புறத்திலிருந்தும் வீடமைப்புப் பகுதிகளிலிருந்தும் வரும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சொற்போர்ப் பயிற்சி நடத்தி வருகிறேன். ஒரு பத்தியைக் கொடுத்து, "இதில் மூன்றாம் வாக்கியம் எதற்காக வந்திருக்கிறது?" என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்பதைத் தங்கள் சொற்களில் திரும்பச் சொல்கிறார்கள். நான் கேட்டது அதன் பொருளை அன்று, அதன் வேலையை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டுவிட்டால், எதிரணியின் பேச்சில் எந்தக் கல்லை உருவினால் சுவர் சரியும் என்பதும், எந்தக் கல்லை எவ்வளவு அசைத்தாலும் ஒன்றும் ஆகாது என்பதும் தெளிவாகத் தெரிய வரும்.

ஒரு கருத்தைப் பிறர் ஏற்றுக்கொள்வதற்காக, அதற்கான காரணங்களோடு சேர்த்து வைக்கப்படும் கூற்றுகளின் தொகுதியையே வாதம் என்கிறோம். தோட்டத்தில் காலையில் நிரையில் நின்று மரம் வெட்டியவரே (அதாவது பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவியவரே) மதியத்துக்குமேல் புல் வெட்டப் போவதுண்டு. ஆளின் முகத்தைப் பார்த்து அவருடைய வேலையைச் சொல்லிவிட முடியாது, அந்த நேரத்தில் அவர் எங்கே நிற்கிறார், யாரோடு நிற்கிறார் என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். கூற்றும் அப்படித்தான். ஒரு வாக்கியத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, இது முடிவா ஆதாரமா என்று கேட்பதில் பொருள் இல்லை. அது எந்தக் கூற்றைத் தாங்குகிறது, எந்தக் கூற்றின்மேல் நிற்கிறது என்பதே அதன் வேலையை நிர்ணயிக்கிறது.

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலரை மணிக்கு தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலுக்கு வந்து, முதல்நாள் மாலையில் நிமிர்த்தி வைத்த பால்வாளிக்குள் இருட்டிலேயே கையை விட்டுப் பார்ப்பார். ஒருநாள் நான் விழித்துக்கொண்டு, "ஏம்மா, வேலைக்குக் கிளம்பலையா?" என்று கேட்டேன். ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி அவர் சொன்ன பதில் இது: "வாளியில தண்ணி நிக்குது. ராத்திரி நல்ல மழ பேஞ்சிருக்கு. இன்னைக்கு மரம் வெட்ட முடியாது." பட்டை ஈரமாக இருந்தால், வெட்டுக் காயத்திலிருந்து கசியும் பால் வெட்டுத் தடத்தில் ஓடி மங்கு என்னும் பால் கிண்ணத்தில் விழாமல் பட்டை முழுவதும் பரவி வழிந்து வீணாகிவிடும் என்பது தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஆகையால் அதை அவர் சொல்லவே இல்லை.

மூன்றே வாக்கியங்கள்; மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். முதற்கேள்வி: "எதை வைத்துச் சொல்கிறாய்?" இரண்டாம் கேள்வி: "அதனால் என்ன?" இந்தக் கேள்விகளுக்கான பதிலை உங்கள் அறிவிலிருந்து எடுக்கக் கூடாது, அந்தப் பத்திக்குள்ளேயே பதில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

வாளியில் தண்ணீர் நிற்கிறது என்பதை எதை வைத்துச் சொல்கிறார் என்று பார்த்தால், அவர் பேச்சுக்குள் பதில் இல்லை. அதனால் என்ன என்று கேட்டால் பதில் உண்டு: இரவு மழை பெய்திருக்கிறது. பிறவற்றின்மேல் நிற்காமல், பிறிதொன்றைத் தாங்கி நிற்கும் இத்தகைய கூற்றே ஆதாரம். மரம் வெட்ட முடியாது என்பதை எதை வைத்துச் சொல்கிறார் என்றால், மழை பெய்ததை வைத்து. அதனால் என்ன என்றால், அதற்குமேல் அவர் எதையும் சொல்லவில்லை. தாங்கப்பட்டும், தான் எதையும் தாங்காமலும் நிற்கும் இந்தக் கூற்றே முடிவு. இடையில் உள்ள மழைக் கூற்றுக்கோ இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. வாளித் தண்ணீர் அதைத் தாங்குகிறது. அது மரம் வெட்ட முடியாது என்பதைத் தாங்குகிறது. இதை இடைமுடிவு என்று அழைக்கிறோம். புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுவே. ஆதாரமும் முடிவும் என்று இரண்டு பெட்டிகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள், இடைமுடிவைக் கண்டதும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் அதைத் திணித்துவிடுகிறார்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாத கூற்றுகளும் உண்டு. அவை பின்னணியாகவோ, எதிர்க்கருத்தாகவோ, ஒப்புதலாகவோ இருக்கும். அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

"ஏன்?" என்று கேட்பதைவிட "எதை வைத்து?" என்று கேட்பது ஏன் நல்லது என்பதை இங்கேயே விளக்கிவிடுகிறேன், ஏனெனில் இதைத் தவறவிட்டால் மற்றவை எல்லாம் குழம்பும். "வாளியில் ஏன் தண்ணீர் நிற்கிறது?" என்று கேட்டால், "இரவு மழை பெய்ததால்" என்பது பதில். இது விளக்கம். நிகழ்ந்த ஒன்றுக்குக் காரணம் சொல்கிறது. தண்ணீர் நிற்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் என் தாயார் செய்தது இதற்கு நேர்மாறானது. அவருக்கு மழை பெய்தது தெரியாது, தண்ணீர் இருப்பதுதான் தெரியும். உலகத்தில் மழை காரணம், தண்ணீர் விளைவு. வாதத்திலோ தண்ணீர் ஆதாரம், மழை முடிவு. எது எதை உண்டாக்கியது என்பதை வைத்து ஆதாரத்தையும் முடிவையும் பிரிக்கப் புகுந்தால் அம்புக்குறி தலைகீழாகிவிடும்.

இது நமக்குப் புதிய செய்தி அன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை, அதாவது தருக்க முறையைச் சொல்லும்போது, இந்த மலை நெருப்புடையது என்பதைப் பக்கம் என்றும், புகையுடையது ஆதலால் என்பதை ஏது என்றும், அடுக்களை போல என்பதைத் திட்டாந்தம் என்றும், அவற்றோடு உபநயம், நிகமனம் என்று இரண்டையும் சேர்த்து ஐந்து உறுப்புகளாகப் பிரித்துக் காட்டுகிறார். பக்கம் என்பது நிறுவ வேண்டிய கூற்று. ஏது என்பது அதைத் தாங்கும் ஆதாரம். திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. உபநயம் அதை இந்த மலைக்குப் பொருத்திச் சொல்வது. நிகமனம் முடிவைத் திரும்ப நிறுத்துவது. புகையை உண்டாக்குவது நெருப்பு, ஆனால் நெருப்பைக் காட்டிக்கொடுப்பது புகை. ஒரு கூற்றுக்கு அது செய்யும் வேலையை வைத்துப் பெயரிடும் வழக்கம் தமிழில் அவ்வளவு பழையது. பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

முடிவை முதலில் தேடுங்கள்

எந்தக் கூற்றின் வேலையைக் கேட்டாலும், முதலில் அந்த வாதத்தின் முடிவைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே போகிறது என்று தெரியாத பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தமும் எதற்கு என்று சொல்ல முடியாது. ஆகவே, எனவே, ஆதலால், இதனால், ஆக ஆகிய சொற்களுக்குப் பின் முடிவோ இடைமுடிவோ வரும். ஏனெனில், ஏனென்றால், காரணம் ஆகியவற்றுக்குப் பின் ஆதாரம் வரும். தமிழில் இன்னொரு வசதியும் இடரும் உண்டு: காரணம் பல நேரங்களில் தனிச் சொல்லாக வராமல் வினையின் வாலாக வருகிறது. வந்ததால், இல்லாமையால், இருப்பதனால், என்பதால் என்று முடியும் தொடர் எல்லாம் ஆதாரத்தைச் சுமந்து வருவது. விரைவாகப் படித்தால் அந்த வால் கண்ணில் படாது.

ஆயினும் இந்தச் சொற்களை முழுதாக நம்பிவிடாதீர்கள். நம் மேடைகளில் "ஆகவே அவையோர்களே" என்பது மூச்சு வாங்குவதற்கும் பயன்படுகிறது. எனவே நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை இது. ஐயம் உள்ள இரண்டு கூற்றுகளை எடுத்து, நடுவில் "ஆகவே" என்று போட்டு இரு திசையிலும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். "தண்ணீர் நிற்கிறது; ஆகவே மழை பெய்திருக்கிறது; ஆகவே மரம் வெட்ட முடியாது" என்பது வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது. "மரம் வெட்ட முடியாது, ஆகவே மழை பெய்திருக்கிறது" என்பது இடறுகிறது. தாய்மொழியில் படிப்பவருக்குக் காது ஒரு நல்ல கருவி. கண்ணுக்கு முன்பே அது பிழையைக் கண்டுவிடும்.

கடைசி வாக்கியம்தான் முடிவு என்றும் எண்ண வேண்டாம். நாளிதழுக்கு எழுதும் கடிதங்களில் முதல் வரியே முடிவாக இருப்பது வழக்கம். மிக உரத்துச் சொல்லப்பட்டதும் முடிவு ஆகாது. உரத்துச் சொல்லப்படுவது பெரும்பாலும் பேசுபவர் மனம் கலங்கிய இடம்.

பிறகு, வாக்கியத்தை உடையுங்கள்

ஒரு வாக்கியம் என்பது ஒரு கூற்று என்று பொருள் இல்லை. "ஆள் கிடைக்காததால் ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களில் லயங்கள் காலியாகிவருவதால், தோட்டத்துக் கடைகள் நெடுநாள் தாங்கா" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு கூற்றுகள் இருக்கின்றன: ஆள் கிடைக்கவில்லை, ரப்பர் அழிந்து செம்பனை வந்தது, லயங்கள் காலியாகின்றன, கடைகள் தாங்கமாட்டா. பென்சிலால் கோடு போட்டு எண் கொடுத்துக்கொள்ளுங்கள். முதலிரண்டும் ஒன்றுக்கொன்று விளக்கமும் விளைவுமாக நிற்பவை. மூன்றாவதுதான் நான்காவதை நேராகத் தாங்குகிறது.

கேள்வி வடிவில் வரும் கூற்றையும் நேராக்கிக்கொள்ள வேண்டும். "பிள்ளைகளே இல்லாத இடத்தில் பள்ளி எதற்கு?" என்பவர் பதிலை எதிர்பார்க்கவில்லை, பிள்ளைகள் இல்லாத இடத்தில் பள்ளி தேவையில்லை என்று கூறுகிறார். அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டால்தான் அதற்கு எண் கொடுக்க முடியும்.

ஒரு பத்தியை முழுதாகப் பிரித்துப் பார்த்தல்

எங்கள் பயிற்சிக்காக நானே எழுதிய பத்தி ஒன்றைத் தருகிறேன். தோட்டத்தில் இருக்கும் தமிழ்ப்பள்ளியை நகருக்கு மாற்றலாமா என்பது இந்நாட்டின் தோட்டப்புறங்களில் பல இடங்களிலும் பேசப்படும் பொருள். இரு பக்கத்திலும் உள்ளவர்கள் பள்ளியின்மேல் பற்று உள்ளவர்களே.

(1) தோட்டம் செம்பனைக்கு மாறியபின் பெரும்பாலான குடும்பங்கள் நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டன.
(2) ஆகவே தோட்டத்துப் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை.
(3) பள்ளி பிறந்த மண்ணிலேயே இருந்தால்தான் நம் வரலாறு நிலைக்கும் என்பார் சிலர்.
(4) அந்தக் கட்டடத்தில் மூன்று தலைமுறை எழுத்தறிந்தது என்பது உண்மைதான்.
(5) ஆனால் பள்ளி இருக்க வேண்டிய இடம் பிள்ளைகள் இருக்கும் இடமே.
(6) எனவே பள்ளியை நகரின் குடியிருப்புப் பகுதிக்கு மாற்ற வேண்டும்.

முடிவு (6) என்பதில் ஐயமில்லை. (1) ஆதாரம். (2) இடைமுடிவு, (1) அதைத் தாங்குகிறது, அது (6)ஐத் தாங்குகிறது. இதுவரை இரண்டு கேள்விகளே போதும்.

(3)இல் "என்பார் சிலர்" என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். எழுதியவர் இதைத் தம் கருத்தாகச் சொல்லவில்லை. பிறர் வாயில் வைக்கிறார். இது எதிர்க்கருத்து. என்பார், என்று கருதுவோர் உண்டு, என்று சொல்லப்படுகிறது என்றெல்லாம் வந்தால், இதை எழுதியவர் ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று அடுத்த இரண்டு வரிகளில் தேட வேண்டும். தேடாமல் விட்டால் எதிரணியின் கருத்தை எழுதியவரின் கருத்தாகவே எடுத்துக்கொண்டுவிடுவோம். மேடையில் இது நடக்கும்போது அவையே முணுமுணுக்கும்.

(4) இன்னும் நுட்பமானது. இது எழுதியவரின் சொந்தக் கூற்றுதான்; அவர் அதை உண்மை என்றே நம்புகிறார். ஆனால் அது அவருடைய முடிவைத் தாங்கவில்லை, எதிர்க்கருத்துக்கே உதவுகிறது. இதற்கு ஒப்புதல் என்று பெயர். தமிழில் "உண்மைதான்", "மெய்தான்", "இல்லை என்று சொல்லவில்லை", "என்றாலும்" ஆகியவை ஒப்புதலின் கைகாட்டிகள். அது வீண் அன்று. எதிர்த்தரப்பின் நியாயத்தைத் தாம் அறிந்திருப்பதைக் காட்டி, கேட்பவரின் மனக் கதவைத் திறக்கிறது. இதை ஆதாரம் என்று எழுதும் மாணவர்களிடம் நான் ஒரு சோதனை செய்யச் சொல்வேன்: அந்த வாக்கியத்தைக் கையால் மூடிவிட்டு மற்றவற்றைப் படியுங்கள். முடிவு வலுவிழக்கிறதா? (4)ஐ மூடினால் ஒன்றும் குறையவில்லை. (1)ஐ மூடினால் (2) அந்தரத்தில் தொங்குகிறது.

(5)ஐ மூடிப் பாருங்கள். மாணவர் எண்ணிக்கை கூடாது என்பதிலிருந்து பள்ளியை மாற்ற வேண்டும் என்பதற்குத் தாவ முடியவில்லை. நடுவில் ஒரு பள்ளம் தெரிகிறது. எண்ணிக்கை கூடாவிட்டால் என்ன, சிறு பள்ளியாகவே இருக்கட்டுமே என்று ஒருவர் கேட்டால் பதில் இல்லை. (5) அந்தப் பள்ளத்தை இணைக்கும் பொதுவிதி. அது இந்த ஒரு பள்ளியைப் பற்றி மட்டும் பேசவில்லை, எல்லாப் பள்ளிகளையும் பற்றிப் பேசுகிறது. அதனால்தான் அதை விதி என்கிறோம். அதே வேளையில் (3)க்கு மறுப்பாகவும் அது நிற்கிறது. ஒரு கூற்று இரண்டு வேலைகளைச் செய்வது உண்டு. இரண்டையும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

இந்தப் பத்தியில் சொல்லப்படாத ஆதாரம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. குடும்பங்கள் போய்ச் சேர்ந்த நகரப் பகுதியில் அந்தப் பிள்ளைகளுக்கு இடம் தரக்கூடிய வேறு தமிழ்ப்பள்ளி இல்லை என்று எழுதியவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். அதை அவர் எழுதவில்லை. ஆனால் அது பொய்யானால் முடிவு நிற்காது. என் தாயார் பட்டை ஈரத்தைச் சொல்லாமல் விட்டதும், வாளியில் யாரும் தண்ணீர் ஊற்றி வைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டதும் இந்த வகையே.

ஒருமுறை நான்காம் படிவ மாணவி ஒருவர், "ஐயா, 150 மாணவர்களுக்குக் குறைவாக இருக்கிற பள்ளியை அரசாங்கம் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது என்பதையும் இதில் சேர்க்கலாமா?" என்று கேட்டார். அந்தச் செய்தி உண்மை. அதை (1)க்கு முன்னால் சேர்த்தோம். சேர்த்தபின் அதற்கு என்ன வேலை என்று கேட்டேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "ஒரு வேலையும் இல்லைங்க ஐயா, சும்மா நிக்குது" என்றார். மிகச் சரியான விடை. அந்த வகைப்பாட்டினால் இன்னது நேரும் என்று அடுத்த வரி சொன்னால் அது ஆதாரமாகும். சொல்லாதவரை அது பின்னணி. எண்ணும் புள்ளிவிவரமும் இருப்பதாலேயே ஒரு வாக்கியம் ஆதாரமாகிவிடாது. உண்மையாக இருப்பதாலும் ஆகிவிடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கூற்றின் வேலையைக் கண்டறிவதும், கூற்று உண்மையா என்று தீர்ப்புச் சொல்வதும் வேறு வேறு செயல்கள். பொய்யான கூற்றும் ஒரு வாதத்தில் ஆதாரமாக நிற்கலாம்; நமக்குப் பிடிக்காத கூற்றும் முடிவாக நிற்கலாம். வேலையை முதலில் கண்டுகொண்டு, பிறகு தீர்ப்புக்குப் போக வேண்டும். (1) பொய் என்று காட்டினால் வாதம் சாயும். (4) பொய் என்று காட்டினால் ஒன்றும் சாயாது. இது தெரியாமல் (4)ஐத் தாக்குவதில் தமக்குக் கொடுத்த மூன்று நிமிடங்களையும் செலவழித்துவிட்டு இறங்கிய பேச்சாளர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

அதே கூற்று, வேறு வேலை

மேலே உள்ள (1)ஐ எதிரணியும் எடுத்துக்கொள்ளலாம். "குடும்பங்கள் போய்விட்டன, லயம் இடிந்துவிட்டது, நாம் அங்கே வாழ்ந்ததற்கு எஞ்சியிருக்கும் ஒரே அடையாளம் பள்ளிதான், ஆகவே அதையாவது விட்டு வைக்க வேண்டும்." ஒரே ஆதாரம் இரண்டு எதிரெதிரான முடிவுகளைத் தாங்குகிறது.

இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எங்கள் ஊரிலேயே இருக்கிறது. செம்பனை காற்றினால்தான் மகரந்தச் சேர்க்கை பெறுகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் மலேசியத் தோட்டங்களில் குலைகள் சரியாகக் காய்க்கவில்லை. ஆகவே தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற மாவோடு கலந்து ஒவ்வொரு பூங்குலையிலும் கையால் தூவி வந்தார்கள். இந்த மரத்தின் தாயகமான மேற்கு ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த கேமரூனிலோ, யாரும் தூவாமலே மரங்கள் நன்றாகக் காய்த்தன. பூச்சியியலாளர் ஆர். ஏ. சையத் 1970களின் இறுதியில் அங்கே போய் ஆராய்ந்தார். பெண்பூங்குலைகளைப் பூச்சிகள் அணுகாதபடியும் காற்றில் வரும் மகரந்தம் மட்டும் அணுகும்படியும் தடுத்தபோது காய்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஆகவே மகரந்தத்தைச் சுமப்பவை பூச்சிகளே, முக்கியமாக எலாயிடோபியஸ் கமெருனிக்கஸ் என்னும் சிறு கூன்வண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இந்த வாதத்தில், காற்றே சுமக்கிறது என்பது மறுப்பதற்காக வைக்கப்பட்ட பழைய கருத்து. பூச்சிகளைத் தடுத்ததும் காய்ப்புக் குறைந்தது என்பது ஆதாரம். பூச்சிகளே சுமக்கின்றன என்பது முடிவு. இனி அடுத்த வாதத்தைப் பாருங்கள். கேமரூனில் பூச்சிகளே சுமக்கின்றன. மலேசியாவில் அந்தக் கூன்வண்டு இல்லை. ஆகவே அதை இங்கே கொண்டுவந்தால் கையால் தூவ வேண்டியிருக்காது. சற்றுமுன் முடிவாக இருந்த கூற்று இப்போது ஆதாரமாக இறங்கி வந்துவிட்டது. ஒரு சொல்லும் மாறவில்லை. நிற்கும் இடம் மாறியது.

இங்கே நியாயமான எதிர்ப்பு ஒன்று எழும். வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்தால் அது மற்றப் பயிர்களைத் தின்னாதா? ஆகையால் வேறு பயிர்களில் அந்த வண்டு பெருகவில்லை என்பதையும் முன்னரே சோதித்துப் பார்த்தார்கள். அந்தச் சோதனை பற்றிய கூற்றுக்கு என்ன வேலை? வண்டு மகரந்தத்தைச் சுமக்கும் என்பதற்கு அது ஆதாரம் அன்று. வண்டைக் கொண்டுவரலாம் என்ற முடிவுக்கு வரக்கூடிய எதிர்ப்பை முன்கூட்டியே நீக்குவதுதான் அதன் வேலை. பயிற்சியில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதைப் பொத்தாம்பொதுவாக ஆதாரம் என்று எழுதிவிடுகிறார்கள். எதற்கு ஆதாரம் என்று நான் திருப்பிக் கேட்டதும்தான் பேனா நிற்கிறது. 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில், இந்தக் குளுவாங் வட்டாரத்தில் உள்ள பாமோல் தோட்டத்தில் அந்த வண்டுகள் திறந்துவிடப்பட்டன. சில ஆண்டுகளில் கையால் தூவும் வேலையே தோட்டங்களிலிருந்து மறைந்தது.

விதி எங்கே ஒளிந்திருக்கிறது?

1990களில் என் சித்தப்பா வேலை பார்த்த தோட்டம் கைமாறி, புதியவர்கள் அவருக்கு வேலை தராத நிலையில், பழைய நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "நீங்கள் எங்களிடம் 18 ஆண்டுகள் உழைத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி தெரிவிக்கிறோம். ஆகவே நல்லெண்ணமாக ஒரு மாதச் சம்பளத்தை வழங்குகிறோம்" என்பது அதன் சாரம். சித்தப்பா அந்தத் தொகை போதுமா போதாதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார். நான் முதல் வாக்கியத்தைப் பார்த்தேன். அந்தக் கடிதத்தில் 18 ஆண்டு என்பது நன்றிக்கான காரணமாக மட்டும் நிற்கிறது. ஆனால் மலேசியாவின் 1980ஆம் ஆண்டுப் பணிநீக்கப் பயன்கள் பற்றிய விதிமுறைகளின்படி, ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ உழைத்த தொழிலாளருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் உரியது. அந்த விதியை அருகில் வைத்தால் அதே வாக்கியத்தின் வேலை மாறிவிடுகிறது.

ஐந்தாண்டுக்கு மேற்பட்டவருக்கு ஆண்டுக்கு 20 நாள் என்பது பொதுவிதி. இவர் 18 ஆண்டு உழைத்தார் என்பது, கடிதம் தானே ஒப்புக்கொண்ட ஆதாரம். ஆகவே 360 நாள் சம்பளம் உரியது என்பது முடிவு. அந்த மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. பிறர் எழுதியதில் ஒரு வாக்கியம் என்ன வேலைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான், அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளவும் தெரியும்.

பழமொழிகளைப் பற்றியும் சுருக்கமாக ஒரு வார்த்தை. நம் பேச்சில் பழமொழி சில நேரம் பொதுவிதியாக நின்று முடிவைத் தாங்கும். சில நேரம் பேச்சுக்கு அழகு சேர்க்கும் அணியாக மட்டும் நிற்கும். "ஆழம் அறியாமல் காலை விடாதே" என்று சொல்லி, வட்டி எவ்வளவு என்று தெரியாத கடனை வாங்க வேண்டாம் என்று முடித்தால் அது விதி. முடிவை ஆதாரங்களோடு நிறுவி முடித்தபின் கைதட்டலுக்காக வந்தால் அது அணி. கையால் மூடிப் பார்க்கும் சோதனை இங்கும் செல்லும்.

விடையை எழுதும் முறை

கூற்றின் வேலையை எழுதும்போது "ஆதாரம்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். எதற்கு ஆதாரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "இது மாணவர் எண்ணிக்கை கூடாது என்ற இடைமுடிவுக்கு ஆதாரம்" என்பது விடை. "இது ஆதாரம்" என்பது பாதி விடை. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவாக இருந்தால், ஒவ்வொரு விடையையும் இரண்டாகப் பிரித்துச் சரிபாருங்கள். "எதிர்க்கருத்தை மறுக்கத் தரப்பட்ட எடுத்துக்காட்டு" என்று ஒரு விடை சொன்னால், அது எடுத்துக்காட்டா என்று ஒருமுறையும், எதிர்க்கருத்தை மறுக்கிறதா என்று மறுமுறையும் பார்க்க வேண்டும். முதற்பாதி சரியாகவும் பிற்பாதி தவறாகவும் இருக்கும் விடைகளில்தான் நன்றாகப் படித்த பிள்ளைகளும் வழுக்கி விழுகிறார்கள்.

விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே, அந்தக் கூற்றின் வேலையை உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரி எழுதிவிடுவதும் நல்லது. பிறர் எழுதிய விடைகளின் சொல்லழகு அப்போது உங்களை இழுக்காது.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்க ஒரு சிறு பத்தி. "ரப்பர் மரத்தை விடியலில் வெட்டினால்தான் பால் மிகுதியாக வரும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியேற்றுவதால் பால் குழாய்களில் அழுத்தம் குறைகிறது. தொழிலாளர்கள் பழக்கத்தினால்தான் விடியலில் எழுகிறார்கள் என்று சிலர் எண்ணுகிறார்கள். பழக்கமும் ஓரளவு காரணம்தான். ஆயினும் வேலை நேரத்தைக் காலை எட்டு மணிக்குத் தள்ளினால் விளைச்சல் குறையும். எனவே தள்ளக் கூடாது." முதல் வாக்கியத்தை முடிவு என்று எழுதியிருந்தால், அதனிடம் "அதனால் என்ன?" என்று கேட்க மறந்துவிட்டீர்கள்: அதனால் விளைச்சல் குறையும், அதனால் நேரத்தைத் தள்ளக் கூடாது. இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்தை வெளிப்படையாகத் தாங்குவதால், முதல் வாக்கியம் வெறும் ஆதாரமும் அன்று, இடைமுடிவு. விளைச்சல் குறையும் என்பதும் இன்னோர் இடைமுடிவே. பழக்கமும் ஓரளவு காரணம்தான் என்ற வாக்கியத்தைக் கையால் மூடிப் படித்துவிட்டு, அதற்கு என்ன பெயர் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.